மீன் முத்திரை

இது நடந்தது. நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. நம்பவேண்டிய ஒரே ஆள் நம்பவில்லை, இனி ஊர் நம்பி என்ன, விட்டென்ன? பேய் என்றால் நடுச்சாமமும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நான் கண்டது 1964 ஓகஸ்ட் மாதத்தில், உச்சி வெயிலில், என் நிழல் என் காலடியிலேயே கிடந்த நேரத்தில்.

அப்போது நான் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கந்தோரில் வரைபடம் கீறுகிற வேலையில் இருந்தேன். கடற்படை வெள்ளைக்காரர்கள் போகும்போது எங்களுக்கு விட்டுப்போனவை உடைந்த கதிரைகளும் ஒரு விசர் விளையாட்டும்தான். மலையில் எங்காவது ஒரு பிஸ்கட் பேணியை ஒளித்துவைப்பார்கள். அதற்குள் ஒரு றப்பர் முத்திரை இருக்கும். பாறைக்குப் பாறை தேடி அதைக் கண்டுபிடித்தவன், அந்த முத்திரையைத் தன் முன்கையில் குத்திக்கொள்ளவேண்டும். தன் சொந்த முத்திரையைப் பேணி மூடியின் உட்புறத்தில் குத்திவிட்டு, பேணியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். வெள்ளைக்காரர் கடையில் செய்த முத்திரை வைத்திருந்தார்கள். நாங்கள் தேய்ந்த றப்பர் செருப்பின் குதியை வெட்டிச் செதுக்கிக்கொண்டோம். என்னுடையது மீன். பிளேட் வழுக்கியதில் வால் கொஞ்சம் கோணல்.

இன்னொரு சட்டமும் இருந்தது. பாதையில் இன்னொரு ஆட்டக்காரனைச் சந்தித்தால் முத்திரை மாற்றவேண்டும். உன்னுடையது அவன் கையில், அவனுடையது உன் கையில். மாட்டேன் என்றவனுக்கு அடுத்த ஆட்டத்தில் இடமில்லை. ஆளைத் தெரியாவிட்டாலும் கையை நீட்டியே ஆகவேண்டும். வளர்ந்த ஆம்பிளைகள் இதற்கெல்லாம் சட்டம் வைத்து விளையாடினோம் என்று இப்போது நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தமுறை பேணி இருந்தது தம்பலகாமத்துக்கு அப்பால் ஒரு மொட்டைப் பாறை மலையில். ஆனைமுதுகு என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். என் மனைவி நஜ்முன் நிஸாவின் தம்பி ஜெமீலும் என்னோடு வந்தான். தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தவள் அவள்தான். அடுத்த கிழமை அவனுக்குக் கலியாணம். கிண்ணியாவில் எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல்கூடப் பாதி போட்டாயிற்று.

“மாப்பிள்ளைய முழுசாக் கொண்டு வந்து தாங்க,” என்றாள் வாசலில் நின்று.

“அவனென்ன கண்ணாடிப் போத்தலா?” என்றேன். சிரித்தாள்.

பாதி மலையில் அந்த மனிதனைக் கண்டோம். கைநீளம் தள்ளி நல்ல நிழல் இருக்க, அவன் கொதிக்கிற பாறையில் வெயிலில் உட்கார்ந்திருந்தான். வேர்வை ஒரு பொட்டு இல்லை. காலில் கிடந்த செருப்பின் குதியில் சதுரமாக ஒரு ஓட்டை. போட்டிருக்கிற செருப்பையா முத்திரைக்கு வெட்டுவான் ஒருவன் என்று ஜெமீல் என் காதில் சொல்லிச் சிரித்தான்.

அவன் பேசாமல் கையை நீட்டினான். மணிக்கட்டிலிருந்து தோள்வரை முத்திரை. அதற்குள் ஒரு சைக்கிளைக் கண்டேன். அது எங்கள் கந்தோர் பாக்கியரத்தினத்தின் முத்திரை. அவர் இதே மலையில் விழுந்து செத்து மூன்று வருஷம். ஆனால் மை புதுசாக இருந்தது. யாரோ அவருடைய முத்திரையை எடுத்துப் பாவிக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். மனம் அப்படித்தான், சாட்டுக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன்.

ஜெமீல் தன் சேவல் முத்திரையைக் குத்தினான். நான் மீனைக் குத்தினேன். வெயிலில் கிடந்த அந்தக் கை குளிர்ந்திருந்தது. பிறகு அவன் எங்கள் கைகளில் தன்னுடையதைக் குத்தினான். விரித்த ஐந்து விரல். அவனிடம் மைத்தட்டு இல்லை. ஆனாலும் ஈரமாக விழுந்தது. எங்கள் மைபோல ஊதா இல்லை, காய்ந்த பாக்கு நிறம்.

“தண்ணி இரிக்கா?” என்றான்.

ஜெமீல் தன் போத்தலைக் கொடுத்தான். அவன் குடிக்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டே, மெல்ல மெல்ல, கடைசிச் சொட்டுவரை பாறையில் ஊற்றினான். பாறை “உஸ்ஸ்…” என்றது.

“விசரனா நீ?” என்று ஜெமீல் பாய்ந்தான். நான் அவனை இழுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பாறைக்கிடையில் பேணி இருந்தது. ஜெமீல்தான் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான்.

மூடியின் உட்புறத்தில் ஒரு சேவல். அவனுடைய சேவல்.

“மச்சான், பகிடி விடாதீங்க.”

“நானா? உன்னோடதானே வந்தனான்.”

அவன் முத்திரை அவன் பொக்கற்றில் இருந்தது. எடுத்துக் காட்டினான். நான் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். மை விரலில் ஒட்டியது…

கீழே பார்த்தேன். அந்த மனிதன் இருந்த பாறை வெறுமையாகக் கிடந்தது.

“வா, இறங்குவம்,” என்றேன்.

நான் முன்னால் இறங்கினேன். அவன் பின்னால். எங்களுக்கிடையில் ஒரு பெரிய பாறைத் திருப்பம்.

“ஓம் மச்சான், வாறன்,” என்றான் பின்னாலிருந்து.

நான் கூப்பிடவில்லை.

நின்றேன். காற்றில்லை. ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

அப்போது கேட்டது. பாறைக்கு அந்தப் பக்கத்தில். ஒரு குரல்…

“ஜெமீல், இஞ்சால வா.”

என் குரல்.

கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. என் குரல் அங்கே நின்றது.

சரசரவென்று கல் சரிந்தது.

பிறகு ஒன்றுமில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவன் இல்லை. பாறையில் அவன் தொப்பி மட்டும் கிடந்தது.

தம்பலகாமத்துக்கு ஓடி ஆட்களைக் கூட்டிவந்தேன். பொலிஸ் வந்தது, கயிறு வந்தது, கந்தோர்க்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொரு நாளும் விடியமுதல் மலையேறி, ஆளுக்கொரு பக்கமாகத் தனித்தனியே பிரிந்து தேடினோம். அப்படிப் பிரிந்ததுதான் பிறகு எனக்கு வினையாயிற்று. நான் போத்தல் போத்தலாகத் தண்ணீர் சுமந்துகொண்டு அவன் பெயரைக் கூப்பிட்டுத் திரிந்தேன்.

கடைசியில் தேன் எடுக்கப் போனவர்கள் கண்டார்கள். மலையின் மறுபக்கம், ஒரு வெடிப்புக்குள், கால் இறுகி நின்றபடி. உதடு வெடித்து நாக்கு வீங்கியிருந்தது. விழுந்ததில் சாகவில்லை, தாகத்தில்தான் செத்திருக்கிறான், அன்று விடியற்காலைவரை உயிர் இருந்திருக்கும் என்றார் டொக்டர். அந்த மனுசன் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மையித்தை வீட்டில் வைத்துக் குளிப்பாட்டினோம். என்னோடு நின்றவர்களில் ஒருவன் கந்தோர் ஹிஸ்புல்லா. அவனும் எங்கள் ஆட்டக்காரன். ஜெமீலின் இடது கையில் தண்ணீரை ஊற்றியவன் சட்டென்று நிறுத்தினான்.

மணிக்கட்டில் மங்கிய ஐந்து விரல்.

அதற்கு மேலே ஒரு மீன்.

அதற்கு மேலே இன்னொரு மீன். இன்னொன்று. முழங்கைவரை மீன்… கோணல் வால்.

கீழே இருந்தவை மங்கல். மேலே போகப் போகப் புதுசு. கடைசி மீனை ஹிஸ்புல்லா பெருவிரலால் தொட்டான். ஊதா அவன் விரலில் ஒட்டியது. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“இது உங்கட மீன்.”

என் முத்திரை அத்தனை நாளும் என் சட்டைப் பொக்கற்றில்தான் இருந்தது. அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஜெமீலின் கையில் நான் ஒருநாளும் அதைக் குத்தியதில்லை. நான் அதைக் கொடுத்தது ஒரே ஒரு ஆளுக்கு. நாங்கள் அவன் கையில் குத்தியதை அவன் தனக்கென்று வைத்துக்கொண்டான். முத்திரையை எடுத்தான், குரலை எடுத்தான். வெடிப்புக்கு மேலே ஒவ்வொரு நாளும் குனிந்து பார்த்தது எந்த முகம் என்று நான் யோசிப்பதில்லை. யோசிக்க ஏலாது.

ஆனால் ஜெமீல் கையை நீட்டியிருக்கிறான். ஒவ்வொரு முறையும். மச்சான் வந்துவிட்டார் என்று நம்பி நீட்டியிருக்கிறான்.

ஹிஸ்புல்லா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அடக்கம் முடிந்து நான் வீட்டுக்கு வரமுன்னே கதை குசினிவரை போய்விட்டது. நஜ்முன் நிஸா அடுப்படியில் இருந்தாள். அழவில்லை. என் சட்டைப் பொக்கற்றையே பார்த்தாள்.

“அவன் உங்களிட்டத் தண்ணி கேட்டவனா?”

“நான் அங்க போகவே இல்ல, நிஸா…”

“கேட்டவனா?”

அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. என்னை விட்டுப் போகவும் இல்லை. இத்தனை வருஷமாக நேரம் தவறாமல் எனக்குச் சோறு போடுகிறாள், கறி போடுகிறாள். பக்கத்தில் தண்ணீர் மட்டும் வைப்பதில்லை.