செராஃபிமா கட்டிக்கொடுத்த டிக்கெட்டுகள்

எங்கள் சிஸ்ரான் நகரில், ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த டிக்கெட் கூண்டை ஆண்டவள் செராஃபிமா யெகோரொவ்னா. மாஸ்கோவிலிருந்து சினிமாப் பாடகர் வருகிறார் என்றால் ஊரே அவள் ஜன்னலில் தொங்கும். பாடகர் டிக்கெட் வேண்டுமானால் விலைபோகாத இன்னொரு டிக்கெட்டையும் தலையில் கட்டுவாள். கச்சேரி அலுவலகத்தின் வழக்கம் அது. அந்த விலைபோகாத சரக்கு நாங்கள்தான்: வயலின் இலாரியோன் சாவிச், பியானோ லிதியா பாவ்லொவ்னா என்ற நான்.

இலாரியோன் பிடிவாதக்காரர். ஊருக்குத் தெரிந்த எதையும் வாசிக்க மாட்டார். மெட்னர், கதுவார் என்று ரஷ்யர்களே மறந்துபோன ரஷ்ய இசையமைப்பாளர்களைத் தேடிப் பிடிப்பார். டிக்கெட் பூராவும் விற்றிருக்கும்; அரங்கில் நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். வாங்கியவர்கள் அதை மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

ஒரு வசந்தத்தில் மேலதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அரங்கு காலியாக இருந்தால் எங்கள் கச்சேரிகளுக்கு மூடுவிழா. இலாரியோன் ஏதாவது உணவகத்தில் பொல்கா நடன மெட்டு வாசிக்கப் போக வேண்டியதுதான். செராஃபிமாவிடம் புலம்பினேன். அவளுக்கு வயலின் என்றாலே ஆகாது. ஆனால் தான் விற்ற டிக்கெட்டை ஜனங்கள் மதிக்கவில்லை என்றதும் முகம் சிவந்துவிட்டது.

"நான் வர வைக்கிறேன். நீங்க வாசிக்கிற வேலையப் பாருங்க," என்றாள்.

மறுநாள் ஜன்னலில் அறிவிப்பு தொங்கியது. பாடகர் டிக்கெட் இனி வயலின் கச்சேரி முடிந்தபிறகு அரங்க வாசலில்தான் கிடைக்கும்.

அரங்கு நிரம்பி வழிந்தது. முன்வரிசைக்காரர் ஒருவர் மடியில் செய்தித்தாளில் சுற்றிய கருவாட்டோடு உட்கார்ந்திருந்தார். மெட்னரின் சொனாட்டா பல பகுதிகள் கொண்ட நீண்ட இசை; லேசில் முடியாது. முதல் பகுதி ஓய்ந்ததும், விட்டது சனி என்று மொத்தக் கூட்டமும் எழுந்தது. செராஃபிமா கதவை அடைத்து நின்றாள்.

"உக்காருங்க. அவங்க சும்மா மூச்சு வாங்குறாங்க. இன்னும் இருக்கு."

கடைசியில், விவரம் தெரியாத ஒரு அம்மா மரியாதைக்குக் கைதட்டிவிட்டாள். இலாரியோன் உடனே கூடுதலாகக் கதுவார் ஒன்றை ஆரம்பித்தார். பக்கத்திலிருந்தவர்கள் அந்த அம்மாவைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். அதிகாரிக்கோ மனம் குளிர்ந்துவிட்டது. பகுதிக்குப் பகுதி ஜனங்கள் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள் என்று மேலிடத்தில் சொன்னாராம். கச்சேரிகள் பிழைத்தன.

மறுநாளே இலாரியோன் கூண்டுக்குப் போய், இனி தன் டிக்கெட்டை எதனோடும் கட்டக்கூடாது, தனியாகத்தான் விற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மனிதருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று நினைத்தேன். செராஃபிமா எவ்வளவோ கெஞ்சியும் கேட்கவில்லை.

அடுத்த கச்சேரியன்று திரை இடுக்கில் எட்டிப் பார்த்தேன். அங்கொருவர் இங்கொருவர். இவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அவரே வந்து எண்ணிப் பார்த்தார்.

"லிதியா பாவ்லொவ்னா, போன தடவ வந்தவங்க யாருக்காக வந்தாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? கருவாட்டு வாடை மேடை வரைக்கும் அடிச்சுதே. இந்தப் பதினோரு பேரு எனக்காக வந்தவங்க."

நான் மறுபடியும் எட்டிப் பார்த்தேன். செராஃபிமாவும் அந்தப் பதினொன்றில் ஒருத்தி. நல்ல உடுப்பில், முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

முதல் பகுதி முடிந்து நாங்கள் மூச்சு வாங்கினோம். ஒருவரும் அசையவில்லை. அவள் மட்டும் திரும்பிக் கதவை ஒருமுறை நோட்டம் விட்டாள். பிறகு இலாரியோனைப் பார்த்து, வாசிக்கலாம் என்று தலையசைத்தாள்.