வாரைப் பிடித்த கை

இரண்டு வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாள் கழிந்து பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு, கண்டிக்கு அருகே அலவத்துகொடையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் விழுந்தேன். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சு குழறியது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், விழுந்த இடத்துக்கு எதிரே சுவர்க் கடிகாரம் இருந்தது. பார்த்து வைத்துக்கொண்டேன்.

அது என் பழக்கம். முப்பத்தொரு வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை, மண்சரிவு, பஸ் கட்டணம் ஏறியது எல்லாம் அதில் இருக்கும். ஊரில் யாராவது மௌத்தாகி அடக்கம் செய்த தேதியில் சந்தேகம் வந்தால் என்னைத்தான் தேடி வருவார்கள்.

எழுதும் கை போய்விட்டதால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் சொல்லச் சொல்ல மனைவி எழுதினாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது.

வாரத்தில் இரண்டு நாள் கண்டிக்குப் போய் இயன்மருத்துவரிடம் கை கால் பயிற்சி எடுத்தேன். அவர் தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து படித்து வந்தவர், நாற்பது வயதிருக்கும், என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவார். எனக்கு இருந்த எண்ணம் ஒன்றுதான். பள்ளிவாசலுக்கு என் காலால் நடந்து போய் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழ வேண்டும். வீட்டு வாசலிலிருந்து முந்நூற்று நாற்பது காலடி. முன்பே எண்ணி வைத்திருக்கிறேன்.

விறாந்தையில் நடக்கத் தொடங்கியபோது மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"பின்னால வா. ஆனா என்ட மேல கை வெக்காத. நான் என்ன சின்னப் புள்ளயா?"

"செரி, வெக்கல்ல."

முதல் வாரம் பன்னிரண்டு காலடி. அடுத்து இருபத்தாறு. பிறகு நாற்பது. நோய் பார்க்க வந்த எல்லோரிடமும் எண்ணிக்கையைச் சொன்னேன். "அப்ப வார கண்டிப் பெரஹரா ஊர்வலத்துல ஆடவும் ஏலும்!" என்று மச்சான் சிரித்தார். மனைவி பிளேன்டீயை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

விழுந்த நாளோடு சேர்த்து நாற்பத்தைந்தாம் நாள், வியாழக்கிழமை. அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மச்சானுக்கு நடந்து காட்டலாம் என்று எழுந்தேன். மூன்றாவது காலடியில் வலது கால் மடங்கியது. அவர் கதிரையை விட்டு எழும்புவதற்குள் தரையில் கிடந்தேன். புருவத்துக்கு மேலே நாலு தையல். கண் தப்பியது.

அடுத்த முறை இயன்மருத்துவர் கேட்டார்: "நாப்பது அடி நடந்த ஆளு மூணுல எப்புடி விழுவீங்க, நானா? அன்னிக்கி என்ன வித்தியாசம்?"

எனக்குத் தெரியவில்லை. மனைவி பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து நீட்டினாள். "இதுல ஈக்கி," என்றாள்.

அதுவரை அவள் எழுதியதை நான் படித்துப் பார்த்ததில்லை. நான் சொன்னதுதானே என்றிருந்தேன். இடது கையால் பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு நாளும், நான் சொன்ன எண்ணிக்கைக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'வலது பக்கம் நின்று வாரைப் பிடித்திருந்தேன். அவருக்குத் தெரியாது.'

நான் உடுத்தும் சாரனுக்கு மேல் கட்டும் அகலமான இடுப்பு வார் அது. வலது இடுப்பில் எனக்கு உணர்ச்சி இல்லை. அந்த இடமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறாள்.

"நான் சொல்ற வரைக்கும் கைய எடுக்காதீங்கன்னு சொன்னது நாந்தான்," என்றார் இயன்மருத்துவர். "ஆனா மறைச்சுப் புடிக்கச் சொல்லலையே!"

"இவர் மேல கை வெக்க வாணாம் எண்டார். நான் வெக்கல்ல. வாரத்தானே புடிச்ச," என்றாள் மனைவி. பிறகு என்னைப் பார்த்து, "நடந்தத எழுதச் சென்னீங்க. அதயும் எழுதின."

இயன்மருத்துவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு முகம் சூடேறியது.

அன்றிலிருந்து எண்ணுவதை நிறுத்தச் சொன்னார். வலது காலில் பாரத்தைப் போட்டு நிற்பது, கதிரையிலிருந்து எழுவது, உட்காருவது, இவ்வளவுதான். நடக்கும்போது நானே அவளிடம் "நல்லாப் புடி" என்று கேட்கப் பழகினேன்.

ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "புடிச்சியா?" என்று வழக்கம்போலக் கேட்டேன். "நடங்க," என்றாள். கேட் வரை போய்த் திரும்பினேன். அஸர் தொழுகைக்குப் பிறகு நாட்குறிப்பை வாங்கிப் பார்த்தேன். 'கேட் வரை நடந்தார். இயன்மருத்துவர் இனி விடலாம் என்றார். இன்று பிடிக்கவில்லை. அவருக்குத் தெரியாது.'

அதற்கு மறுமாதம் ஒரு வெள்ளிக்கிழமை கைத்தடியுடன் பள்ளிவாசலுக்கு நடந்தேன். குத்பா பிரசங்கத்தின் பாதியில்தான் போய்ச் சேர்ந்தேன், ஆனாலும் என் காலால் போனேன். அன்றைய குறிப்பை நானே எழுதினேன், இடது கையால், கோணல் எழுத்தில். கீழே அவள் எழுத ஒரு வரி இடம் விட்டு அவளிடம் கொடுத்தேன். இப்போதும் தினமும் விடுகிறேன். அதற்கு முந்திய இருபத்தொன்பது வருடப் பக்கங்களில் அந்த ஒரு வரிக்கு நான் இடமே வைக்கவில்லை என்பது, பழைய கொப்பிகளைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உறைக்கிறது.