மூன்றாவது கிலோமீட்டருக்குப் பிறகு

தன்னால் ஓட முடியாது என்பது செண்பகத்துக்கு நாற்பத்தொரு வயதில்தான் தெரிய வந்தது. அதற்குமுன் ஓடிப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. ஒரு ஜூன் மாதக் காலையில், மகள் ஷைனிக்குச் சோறு கட்டி வைத்துவிட்டு அவள் வெளியே வந்தபோது கம்பெனி பஸ் நகர்ந்துவிட்டிருந்தது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். நூறு அடிகூட இருக்காது. மூச்சு தொண்டையில் வந்து முட்டியது. முழங்காலில் கையூன்றிக் குனிந்துவிட்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து வண்டியை நிறுத்தினார். ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கம்பெனி கேட் வரும்வரை நெஞ்சு அடங்கவில்லை.

அவர்கள் காலனி கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஏரியை ஒட்டி இருக்கிறது. அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபிறகு காலனியில் வீட்டுக்கு ஒருவராவது கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். செண்பகம் பதினெட்டு வருடமாக, கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். வெள்ளை விளக்கின் கீழ் நின்றபடி ஒவ்வொரு வளையத்தையும் விரலால் திருப்பி, கீறல் இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. குறை உள்ளது சிவப்புப் பெட்டிக்குப் போகும். எட்டு மணி நேரமும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அப்படி நின்றே உடம்பு கனத்துப் போயிருந்தது.

அதே மாதம் கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்றார்கள். அவள் அம்மாவுக்குச் சர்க்கரையால் இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றியவள் செண்பகம்தான். டாக்டர் தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொன்னார். இரண்டு வாரம் நடந்தாள். ஆனால் நடக்கும்போதெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னால் குனிந்து நின்றது நினைவுக்கு வந்தது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள், சர்ச் வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஓடினாள். நின்று மூச்சு வாங்கினாள். நடந்து திரும்பினாள். மறுநாளும் அதையே செய்தாள்.

மாட்டிக்கொண்டது ஷைனியின் பழைய விளையாட்டு பனியன். கீழே சுடிதார் பேன்ட், மேலே குறுக்காகப் பின் குத்திய துப்பட்டா. நாய்களுக்குப் பயந்து கணவன் சாலமோன் பைக்கில் பின்னாலேயே வந்தான். அவன் உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவன். முதல் வாரம் தலையில் அடித்துக்கொண்டுதான் வந்தான், அப்புறம் பழகிவிட்டது. கிளம்புவதற்குமுன் ஆலைப்புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவள் வானத்தைப் பார்ப்பாள். காலனிப் பக்கம் வந்தால் தொண்டை எரியும், அன்றைக்கு ஏரிக்கரையின் மறுமுனைக்குப் போய்விடுவாள். ஆகஸ்ட் முடிவதற்குள் நிற்காமல் இரண்டு கிலோமீட்டர் ஓட வந்துவிட்டது. இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. நாய்களும் அவளை விட்டுவிட்டதால் சாலமோன் வருவதை நிறுத்திக்கொண்டான்.

செப்டம்பரில் திருவள்ளூரில் ஐந்து கிலோமீட்டர் விழிப்புணர்வு ஓட்டம் ஒன்று வந்தது. கம்பெனியிலிருந்து ஆள் கேட்டார்கள். அவளுடைய லைனில் வேலை செய்யும் தமிழ்செல்விக்கு இருபத்துநான்கு வயது, பள்ளியில் ஓடிப் பரிசு வாங்கியவள். அவள்தான் செண்பகத்தின் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தாள்.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை செண்பகத்துக்கு இரண்டாம் ஷிஃப்ட். வீடு வந்து படுத்து, மூன்றரைக்கு எழுந்து, வேனில் வெறும் டீயோடு போனாள். திருவள்ளூரில் இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்து உற்சாகம் பிடித்துக்கொண்டது. பலூன் வளைவு, ஒலிபெருக்கி, ஒரே நிறத்தில் நானூறு பனியன்கள். விசில் அடித்ததும் தமிழ்செல்வியோடு பேசியபடியே ஓடினாள். கால் தானாகப் போனது. ஏரிக்கரையில் இத்தனை நாள் பட்ட சிரமமெல்லாம் எங்கே போயிற்று என்று ஆச்சரியப்பட்டாள்.

இரண்டாவது கிலோமீட்டரில் பேச்சு நின்றது. தமிழ்செல்வியை முன்னே போகச் சொல்லிவிட்டாள். வலது விலாவுக்குக் கீழே யாரோ கொக்கி போட்டு இழுப்பதுபோல ஒரு வலி. மூன்றாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் வாய் உப்புக் கரித்தது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள், வந்தது டீ மட்டுந்தான். எழுந்து நாலடி வைத்தாள். கண் இருட்டிக்கொண்டு வர, அங்கேயே சாலையோரம் இருந்த சிமெண்ட் தடுப்பில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வயதுப் பிள்ளைகள் அவளைக் கடந்து போயின. ஒரு முதியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். கடைசியில் வந்த ஆம்புலன்ஸில் ஏற்றி, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, முடிவுக்கோட்டுக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோய் இறக்கினார்கள்.

வேன் திரும்பி வருவதற்குள் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. தடுப்பில் தலையைத் தொங்கப் போட்டு அவள் உட்கார்ந்திருக்கும் படம். ‘பேட்டரி லோ’ என்று கீழே எழுதியிருந்தது. போட்டவன் மெயின்டனன்ஸ் குணா. இருபது பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஓடப் போகவில்லை. ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். விழிப்பு என்னவோ அதே நேரத்துக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஃபேன் சத்தத்தைக் கேட்டபடி கிடந்தாள். பஸ்ஸில் யாராவது கேட்டால் முழங்கால் வலி என்றாள். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் சாயங்காலம் சாலமோன் மெதுவாகப் பேச்செடுத்தான். அவனுக்கு அன்றைய பயம் இன்னும் போகவில்லை. ஆம்புலன்ஸிலிருந்து யாரோ அவனுக்குப் போன் செய்திருந்தார்கள்.

“ஓட்றத வுட்டுடு செண்பகம். டாக்டர் நடக்கத்தான சொன்னாரு? நடந்தா போதாதா?”

“நடக்கறதுல நான் ஒண்ணும் தோக்கலியே. ஓட்றதுலதான பாதியில குந்திட்டேன்.”

“அதான் ஒடம்புக்கு ஆவலன்னு தெரிஞ்சி போச்சில்ல.”

“ஒடம்புக்கு ஆவலயா, நான் சரியா ஓடலியா? அது தெரியாம எப்டி வுடறது?”

சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி அவளுக்கே உறைத்தது. ஒன்பது நாளாக அவமானத்தை மட்டும் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். ஏன் அப்படி ஆயிற்று என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. லைனில் ஒரே குறை நாலு வளையத்தில் வந்துவிட்டால், அச்சு சூடா, ரப்பர் பழசா என்று காரணம் தெரியும்வரை அவள் சூப்பர்வைசரை விடமாட்டாள். தன் விஷயத்தில் மட்டும், குறை கண்டதும் பெட்டியை மூடிவிட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் தமிழ்செல்வியிடம் போய் உட்கார்ந்து, அன்றைக்கு எப்படி ஓடினோம் என்று கேட்டாள். தமிழ்செல்வி போனைத் திறந்து காட்டினாள். அதில் ஓட்டம் முழுவதும் பதிவாகியிருந்தது.

“மொத கிலோமீட்டர் ஏழு நிமிசம்க்கா. நீ பேசிக்கினே வந்தியா, எனக்கும் தெரியல. ஊர்ல எவ்ளோ நேரம் எடுப்ப?”

“பதினொண்ணு.”

தமிழ்செல்வி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தானும் ஒரு காரணம் என்பதுபோல அவள் முகம் மாறியது. செண்பகம் அவள் தோளைத் தட்டிவிட்டு எழுந்தாள். ஏழும் பதினொன்றும் அவளுக்குப் போதுமாக இருந்தது. நாலு மணி நேரத் தூக்கம், வெறும் வயிறு, பழகாத தூரம், பழகாத வேகம். இத்தனையையும் வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் போனதே பெரிது.

திரும்பும் வழியில் மெயின்டனன்ஸ் அறைக்குப் போனாள். குணா ஏதோ மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“அந்தப் போட்டாவ எடுத்துடு குணா,” என்றாள். “குந்திக்கினு இருந்தது நான்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அது பாதிதான். மீதி இன்னும் நான் ஓடல.”

அவள் குரலை உயர்த்தவில்லை. அவன் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே படத்தை அழித்தான். தப்பாக நினைக்க வேண்டாம் என்று முணுமுணுத்தான். நினைத்தேன், இனிமேல் நினைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு லைனுக்குப் போனாள்.

அடுத்த காலை ஷூவை வெளியே எடுத்தாள். பத்தே நிமிடம், அதுவும் வாய்விட்டுப் பேச முடிகிற வேகத்தில் மட்டும் ஓடுவது என்று முடிவு செய்திருந்தாள். பேச ஆள் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சொல்லும் பைபிள் சங்கீதத்தை முணுமுணுத்தபடி ஓடினாள். வார்த்தை மூச்சில் அறுந்தால் வேகத்தைக் குறைத்தாள். எதிரே சைக்கிளில் வந்த பால்காரர் அவளைப் பார்த்து ஒதுங்கிப் போனார். அன்றே துப்பட்டாவையும் வீட்டில் விட்டுவிட்டாள், கழுத்தில் சுற்றி எரிச்சல் பண்ணிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் காலனி பார்த்தது. பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

எல்லாம் ஏறுமுகமாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரை சேறாகி, இரண்டு முறை வழுக்கி விழுந்தாள். நவம்பரில் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பை ஒட்டி ஒரு வலி வந்து பத்து நாள் நிற்க வைத்தது. அந்தப் பத்து நாளும் ஷூ வாசலிலேயே இருந்தது. வலி போனதும் பழைய தூரத்தில் பாதியிலிருந்து ஆரம்பித்தாள். மழை விடாத நாட்களில் சர்ச் மாடிப்படியில் ஏறி இறங்கினாள். சமையலறைக் காலண்டரில் ஓடிய நாளுக்கு ஷைனி ஒரு வட்டம் போடுவாள். வட்டமில்லாத நாட்களும் நிறைய இருந்தன. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது பதினொன்று தேறியது. அவளுக்கு ஓட்டங்களில் பாதி பிடிக்கவில்லை. கால் கட்டையாக இருக்கும், மனசு வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருக்கும். பிடிக்காத ஓட்டத்துக்கும் ஷைனி அதே வட்டத்தைத்தான் போட்டாள்.

பொங்கலுக்குப் பிறகு திருநின்றவூரில் ஓர் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடப்பதாகத் தெரிந்தது. இம்முறை தானே பெயர் கொடுத்தாள். சனிக்கிழமை விடுப்பு எடுத்தாள். சாலமோன் பெரியபாளையம் வழியாகப் பைக்கில் கூட்டிப்போனான். அவன் தங்கை வீடு திருநின்றவூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது. அங்கே நேரத்தோடு சாப்பிட்டுத் தூங்கினாள். காலையில் இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டாள்.

விசில் அடித்ததும் எல்லாரும் அவளைத் தாண்டி ஓடினார்கள். முதல் அரை கிலோமீட்டரில் பின்னால் ஆறேழு பேர்தான் இருந்தார்கள். வேகமாகப் போகச் சொல்லி உடம்பு அரித்தது. உதட்டை அசைத்துச் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே அதை அடக்கினாள். இரண்டாவது கிலோமீட்டரில், முன்னால் பறந்தவர்களில் சிலர் இடுப்பில் கைவைத்து நடந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது பலகை தெரிந்தது. திருவள்ளூர்த் தடுப்பின் சொரசொரப்பு இன்னும் தொடையில் இருப்பதுபோல இருந்தது. வலி வருகிறதா என்று விலாவைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை. பலகை பின்னால் போயிற்று.

நாலாவது கிலோமீட்டரில் வலி வந்தது. அதே இடம், அதே கொக்கி. இப்போது அவள் பயப்படவில்லை. நடந்தாள். விரலால் விலாவை அழுத்திக்கொண்டு, மூச்சை நீளமாக விட்டபடி இருநூறு அடி எண்ணினாள். இருநூற்று ஒன்றாவது அடியை ஓட்டமாக வைத்தாள். மறுபடி வலித்தபோது மறுபடி நடந்தாள். கடைசி முந்நூறு மீட்டர், ரயில்வே கேட் தாண்டி வரும் நேர்ச்சாலை. அங்கே நடக்கவில்லை. சாலமோன் கூட்டத்தில் நின்று கத்துவான் என்று நினைத்திருந்தாள். அவன் கத்தாமல் ஓரமாக அவளோடு சேர்ந்தே செருப்புக்காலோடு ஓடிவந்தான்.

ஐம்பத்துமூன்று நிமிடம் ஆயிற்று. அவளுக்குப் பின்னால் நாலு பேர்.

முடிவுக்கோடு தாண்டியதும் புல்லில் படுத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாலமோன் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி, எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

“கால் பேஜாரு பண்ணுது,” என்றாள். “அப்புறம் சொல்றேன், இரு.”

பிப்ரவரி முகாமில் சர்க்கரை எல்லைக்குள் இறங்கியிருந்தது. டாக்டர் இதையே விடாமல் செய்யச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

அந்த வாரமே வியாழக்கிழமை ஓட்டம் மோசமாகப் போயிற்று. புகை காலனிப் பக்கம் சாய்ந்திருந்தது, அவள் பார்க்காமல் கிளம்பிவிட்டாள். ஒரு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, இருமல் வந்து கண்ணில் நீர் கட்டியது. நின்றாள். மதகுச் சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஏரியில் இரண்டு பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்து நடந்து வீட்டுக்கு வந்து, குளித்து, தோசைக்குக் கல்லைப் போட்டாள். இன்றைக்கு ஓட்டம் எப்படி என்று ஷைனி கேட்டாள்.

“நல்லா இல்ல,” என்றாள் செண்பகம். தோசையைத் திருப்பிப் போட்டாள். “சனிக்கெழம நாலே முக்காலுக்கு அலாரம் வெச்சிடு.”