மூன்று மணி ஐம்பது நிமிடம்

நேற்று மகள் கைபேசியில் இரண்டு படங்களை அனுப்பி, "அப்பா, இதுல எந்த புரொசசர எடுக்கட்டும்?" என்று கேட்டாள். வீடியோ வெட்டி ஒட்டுவது அவள் தொழில்; மிச்ச நேரமெல்லாம் கேம். இரண்டுக்கும் தாங்க வேண்டுமாம். தெல்தோட்டையில் எட்டாம் வகுப்போடு நின்றுபோன என்னிடம் கேட்கிறாளே என்று பெருமைதான். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதையாவது தேர்ந்தெடுப்பது என்றாலே எனக்கு நேரமெடுக்கும். சவர்க்காரம் வாங்கப் போனால்கூடக் கடைக்காரருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஒரு படத்தின் ஓரத்தில் சின்னதாய், புரொசசருக்குப் பூசும் பேஸ்ட் குழாய். அதைக் கண்டதும் விரல் நுனி பிசுபிசுத்தது. கூடவே, எங்கிருந்தோ புதுத்துணி வாடை.

அந்த வாடை, இளவயதில் நான் வேலை செய்த நிஸாம் நானாவின் கடைப் படிக்கட்டுடையது. கண்டி நகரில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடி. இருந்தது ஒரே கம்பியூட்டர். காலையில் அதில் நான் கலியாண வீடியோ செய்வேன். பின்னேரம் கெம்பஸ் பொடியன்கள் வந்து கேம் விளையாடுவார்கள். யுத்தம் வடக்கில். எங்களுக்கு அது சோதனைச் சாவடியும், சட்டைப் பையை நான் பத்துத் தரம் தொட்டுப் பார்க்கும் அடையாள அட்டையும். அந்த வருடம் மழையும் பொய்த்து, கரண்டை வெட்டினார்கள். பகலில் ஒன்பதிலிருந்து ஒன்று, மூன்றிலிருந்து ஏழு மட்டும்தான் கரண்ட் என்று பேப்பரில் வந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருந்தோம். துண்டுகளைக் கோத்து ஒரே படமாக்கிச் சீடியில் எழுதப் பழைய கம்பியூட்டருக்கு ஆறு மணி நேரம் வேண்டும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. பற்றரிப் பெட்டி ஐந்து நிமிடம் தாங்கும். சாமி கும்பிட அது போதும்.

அப்போதுதான் யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவரின் மகளுக்குக் கண்டியில் நடந்த கலியாணத்தின் வீடியோ வந்தது. ஆமிக்காரரின் பாஸ் கிடைக்காததால் மாப்பிள்ளையின் தாயால் யாழ்ப்பாணத்தை விட்டு வர முடியவில்லை. கப்பலில் ஊர் போகும் ஒருவர் சீடியைக் கொண்டுபோக ஒத்துக்கொண்டிருந்தார். வியாழன் மாலை ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு அவர் திருகோணமலை பஸ் ஏற வேண்டும்.

நானா தெரிந்த கடையிலிருந்து இரண்டு புரொசசர் கொண்டு வந்தார். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்கலாம். நீலப் பெட்டிக்காரன் சாது. சிவப்புப் பெட்டிக்காரன் வேகம், ஆனால் கொதிப்பான். தாலி கட்டும் துண்டை இரண்டிலும் ஓடவிட்டுக் கணக்குப் பார்த்தேன். முழுப்படத்துக்கு நீலம் நாலு மணி இருபது நிமிடம். சிவப்பு மூன்று மணி ஐம்பது.

"நீலம் நல்லம் நானா, சூடாகாது."

"சூடாகாட்டி என்ன மவன், நாலு மணித்தியாலத்துல கரண்ட் போகுமே! செவப்பப் போடு. பொடியன்மாரும் அதத்தான் கேக்குறானுகள்."

போட்டேன். சூட்டை விசிறிக்குக் கடத்துவது அந்த பேஸ்ட் என்று தெரியும். கூடப் பூசினால் கூடக் கடத்தும் என்று நினைத்து, பயத்தில், பாணுக்கு பட்டர் பூசுவது போல அப்பினேன்.

வியாழன் காலை ஒன்பதுக்குத் தொடங்கினேன். மாஸ்டர் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "இப்ப எத்தனை வீதம் தம்பி?" என்று கேட்டபடி இருந்தார். எழுபத்தொரு சதவீதத்தில் திரை இருண்டது. கரண்ட் போகவில்லை, தலைக்கு மேல் காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நானா பெட்டியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

மாஸ்டர் ஏசவில்லை. "சம்பந்தியம்மா மருமகளின்ர முகத்தை இன்னும் காணேல்லைத் தம்பி," என்றார். ஏசியிருக்கலாம்.

கரண்ட் இல்லாத மதிய வேளையில் யன்னலடியில் வைத்துக் கழற்றினேன். பேஸ்ட் நாலு பக்கமும் வழிந்திருந்தது. நானா கடைக்காரருக்கு டெலிபோன் போட்டுக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அடே, ஒரு அரிசி மணி அளவு போதுமாம்! நீ ஒரு கொத்து அரிசியே போட்டிருக்கியேடா!" மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. துடைக்கச் சட்டைப் பையிலிருந்து தன் லேஞ்சியை எடுத்துத் தந்தார்.

மூன்று மணிக்கு மறுபடி தொடங்கியபோது பொடியன்கள் படியேறி வந்தார்கள். விஷயத்தைக் கேட்டு, சிங்களப் பொடியன் ஒருவன், "கேம் ஹெட்ட, ஐயே," என்றான். விளையாட்டு நாளைக்காம். போவான் என்று பார்த்தால், பாட நோட்ஸ் கோப்பால் பெட்டிக்கு விசிறத் தொடங்கினான். மற்றவர்கள் முறை வைத்து விசிறினார்கள். தொண்ணூற்றொன்பதில் எல்லாரும் திரையைச் சுற்றிக் குவிந்தார்கள். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்க, சீடி சூடாக வெளியே வந்தது. மாஸ்டர் இரண்டு கையாலும் வாங்கினார்.

பிறகு சம்பந்தியம்மா கடிதம் எழுதியிருந்தாராம். மருமகள் சிரிக்கும் இடத்தில் படத்தை நிறுத்தி வைத்துவிட்டு, முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்தாராம்.

அந்த மேல்மாடியில் இப்போது செருப்புக் கடை. யாழ்ப்பாணத்துக்குக் கண்டியிலிருந்து நேரே பஸ் போகிறது. மகளுக்குக் கடைசியில் போன் எடுத்தேன்.

"அங்க கரண்ட் எத்தன மணித்தியாலம் நிக்கும்மா?"

"கரண்ட் எங்கப்பா போகுது? ரெண்டுமே கலியாணப் படத்த கால் மணித்தியாலத்துல முடிச்சுரும்."

"அப்ப எதையாச்சும் எடு. பேஸ்ட் மட்டும் நான் வந்து பூசித் தாறேன். அரிசி மணி அளவு."

"அதெல்லாம் கடையிலயே பூசித் தந்துருவாங்கப்பா."