மட்டிக்குப் போட்ட மதிப்பெண்

டிகிரி முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, கடல் கெட்டால் எந்த உயிர் முதலில் பாதிக்கப்படும் என்று கணிக்கிற வேலை. அரியாங்குப்பத்து ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு வருஷம். கூடவே ஒரு தோழி. என் அப்பா மில் மூடியதும் வாட்ச்மேனாகப் போனவர். அவள் வீட்டிலோ பிரெஞ்சில் "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் இட்லி வைப்பார்கள். அப்படியும் எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

ஒவ்வொரு உயிருக்கும் ஒரு படிவம். இடம்பெயருமா, எதைத் தின்னும், எப்போது முட்டை விடும் என்று கேள்விகள். கடைசியில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு மதிப்பெண். ஐந்து என்றால் ஆபத்து அதிகம். மட்டிச் சிப்பிக்குத் தோழி இரண்டு போட்டாள். கெட்டியான ஓடு இருக்கிறது, தண்ணீர் சரியில்லையென்றால் மூடிக்கொள்ளும் என்றாள். எனக்கும் சரியென்றே பட்டது.

அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, காலால் துழாவி மட்டி எடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். எங்கள் வயசுதான். பதினோரு மணிக்குக் கரையேறி எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். அவள் குழம்பு எங்களுக்கு, எங்கள் எலுமிச்சைச் சோறு அவளுக்கு. அந்த வருஷத்தை நினைத்தால் முதலில் அந்தச் சாப்பாட்டு நேரம்தான் வருகிறது.

முதல் மழைக்கு மறுநாள், ஊர்ச் சாக்கடையெல்லாம் இறங்கி ஆறு கறுத்துக் கிடந்தது. மடவை மீன்கள் துள்ளிக்கொண்டு கடல் பக்கம் போய்விட்டன. நண்டுகள் கருங்கல் மேல் ஏறிக்கொண்டன. மட்டி மூடிக்கொள்ளும், கவலையில்லை என்று தோழி சொன்னாள்.

"எத்தினி நாளைக்கி மூச்சப் புடிச்சிக்கினு இருக்கும்? அந்தத் தண்ணியக் குடிச்சித்தானே அது பொழைக்குது," என்றாள் மட்டி எடுப்பவள்.

ஐந்தாம் நாள் இறங்கித் துழாவினோம். கைக்கு வந்ததில் பாதி வாய் பிளந்து, நாறிக் கிடந்தது. சாயங்காலம் தோழி ரப்பர் எடுத்து இரண்டை அழித்துவிட்டு ஐந்து போட்டாள். ஏன் மாற்றினீர்கள் என்று அதிகாரி கேட்டபோது நான் தடுமாறினேன். தோழிதான், நாங்கள் கண்ணால் பார்த்தோம் என்று நின்றாள்.

அறிக்கை போனது. சில மாதத்தில் அங்கே மட்டி எடுக்கக் கூடாது என்று பலகை வந்தது. சாக்கடை மட்டும் முன்போலவே வந்துகொண்டிருந்தது. எங்கள் மதிப்பெண்ணால் வந்த தடை என்று மட்டி எடுப்பவளிடம் சொல்லக் கூச்சத்தோடு போனோம். அவள் திட்டவில்லை. அந்தப் படிவத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தோம். முட்டை விடுகிற மாசம் தப்பு என்று ஒரு இடத்தைத் திருத்தினாள். அப்புறம், "உள்ளதத்தானே எழுதினீங்க," என்றாள். அடுத்த வாரமே தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்விட்டாள்.

போன மாதம் கோரிமேட்டு பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் நின்று நின்று குதிகால் வெடித்துவிட்டதாம். சாக்கடைத் தண்ணீரைக் கொஞ்சம் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் ஆற்றுக்குப் போனோம். புடவையைச் செருகிக்கொண்டு இறங்கியவள், சற்று நேரம் துழாவிவிட்டுக் குனிந்து ஒன்றை எடுத்தாள். நகம் அளவுக் குஞ்சு மட்டி. பார்த்துவிட்டு அங்கேயே விட்டாள்.

பிரான்சுக்குப் போய்விட்ட தோழிக்கு, அந்தக் குஞ்சு அவள் உள்ளங்கையில் இருந்தபோது எடுத்த படத்தை அனுப்பினேன். அங்கே அப்போது இன்னும் விடிந்திருக்கவில்லை.