வலது ஓரத்தில் நின்ற சனம்

காலை எட்டரைக்கு எங்கள் கடைப் பிரிண்டரைவிட்டு பனர் வெளியே வந்தது. பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் உலகப் போர்க் கண்காட்சி. வரலாறு படிப்பிக்கும் ரீச்சர் பனரை மேசையில் விரித்தார். முகம் மாறியது.

"அண்ணை, இதில நிண்ட சனம் எங்கை?"

"வலது பக்கம் நிண்டவையளோ? வெட்டிப்போட்டன் ரீச்சர். உங்கட மரச்சட்டம் எட்டடிதானே, படம் நீளம். அவையள் சும்மா பார்த்துக்கொண்டு நிண்ட ஆக்கள்."

"ஐயோ அண்ணை! அவையளுக்காகத்தான் இந்தப் படத்தையே தெரிஞ்செடுத்தனான்!"

இருபது வருடம் பத்திரிகையில் பக்கம் வடிவமைத்துவிட்டு, கிளிநொச்சியில் இந்த பனர் கடைக்கு வந்தவன் நான். இங்கே பாதி வேலை நினைவஞ்சலி. போரில் ஆல்பங்களைத் தொலைத்தவர்கள் யாரோ ஒருவரின் கலியாணப் படத்தைக் கொண்டுவருவார்கள். இறந்தவரின் முகத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர்களை வெட்டிவிடுவோம். கை பழகிவிட்டது.

ரீச்சர் மூச்சுவிடாமல் சொன்னார். ஜெர்மனியில் நாசிகளின் வதைமுகாம் ஒன்றுக்குள் அமெரிக்கச் சிப்பாய்கள் நுழைந்த நாட்களில் எடுத்த படம். இடப்பக்கம் லொறி நிறைய யூதக் கைதிகளின் உடல்கள். அருகே சிப்பாய்கள். கண்டதை நம்பமுடியாத அவர்கள், பக்கத்து நகரத்துச் சனத்தை நடத்திக் கூட்டிவந்து பார்க்கவைத்தார்கள். வலப்பக்கம் நின்றது அந்தச் சனம்.

"'எங்களுக்குத் தெரியாது' எண்டு சொன்ன சனம் அண்ணை. அவையள் இல்லாமல் நான் பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

மூலப்படம் கணினியில் இருந்தது. ஆனால் முழுவதையும் திரும்ப அடிக்க றோலில் பிளெக்ஸ் போதாது. அளந்தேன். நாலடி மிச்சம். வெட்டிய துண்டுக்கு மட்டும் போதும். கரண்ட் போகக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு அடித்தேன். மை காயுமுன்னரே சுருட்டிக்கொண்டு ரீச்சரின் ஸ்கூட்டியில் ஏறினேன்.

மண்டபத்தில் பெரிய பனரைக் கட்டினோம். அதை ஒட்டிக் கதவு. துண்டைக் கட்ட இடமில்லை. பத்து நிமிடம் இருந்தது. ரீச்சர் சுற்றிப் பார்த்தார்.

"எதிர்ச் சுவரில கட்டுங்கோ அண்ணை. வாற ஆக்கள் நடுவில நிக்கட்டும்."

கதவு திறந்தது. பிள்ளைகளோடு தாய்மாரும் வந்தார்கள். அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். முள்ளிவாய்க்காலில் இறந்த கணவரின் நினைவஞ்சலிக்கு என்னிடம் வந்தவர். லொறிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு திரும்பினார். எதிர்ச் சுவரில், மேல்கோட்டுப் போட்ட ஒரு பெண் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இவா ஆர் ரீச்சர்?"

"அந்த முகாமுக்குப் பக்கத்து ஊர்க்காரி, அம்மா. ஆமிக்காரர் கூட்டிக்கொண்டுவந்து காட்டினவை. தெரியாதெண்டு சொன்ன சனத்தில ஒராள்."

அந்த அம்மா படத்துப் பெண்ணின் முகத்துக்குக் கிட்டப் போனார்.

"மணம் இண்டைக்குத்தான் வந்ததோ பிள்ளை உனக்கு?"

நான் ஏணியைப் பிடித்தபடி நின்றேன்.

இப்போதும் கடைக்குப் படங்கள் வருகின்றன. "இவர் ஆரோ அண்ணை, வெட்டிவிடுங்கோ" என்பார்கள்.

"ஆரெண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ, பிறகு வெட்டுறன்" என்கிறேன்.