வங்கி ஏறிப் பார்க்காத மாடி

என் கணவருக்குத் திருப்பதியில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. இருபத்தைந்து லட்சம் தேவை. சித்தூரில் எங்கள் மாடி வீடு ஐம்பது லட்சம் போகும், அதில் அறுபது சதவீதத்தை வங்கி கடனாகத் தரும் என்று நம்பித் தேதி வாங்கிவிட்டேன்.

வங்கி சார்பில் வீட்டை மதிப்பிட வந்தவர் கீழ்த்தளத்தை மட்டும் அளந்தார்.

"மேல பாக்கலியா சார்?"

"மாடிக்கு பிளான் அப்ரூவல் இல்லியேம்மா. பேங்குக்கு அது வெறும் ஆகாசம்."

"அந்த ஆகாசத்துலதான் சார் நாங்க குடியிருந்துகினு இருக்கோம்!"

மதிப்பு முப்பது லட்சம் என்றார்கள். கடன் பதினெட்டுதான் கிடைத்தது. மீதிக்குப் புத்தலப்பட்டில் எங்களுக்கு இருந்த நிலத்தை விற்க ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள், அறுவை சிகிச்சையை அவர் உடல் தாங்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்ன பத்தாம் நாள் அவர் இறந்தார்.

இப்போது வீட்டை வைத்துக் கடன் வாங்கப்போவதாக யார் சொன்னாலும், அனுமதி பெற்ற வரைபடத்தை எடுத்துவரச் சொல்கிறேன். அதில் இருக்கும் அறைகளை மட்டும் இருவருமாக எண்ணுகிறோம்.